பாடலிபுத்திரத்துச் சமணர் தந்த பேரெண்: ஆயிரத்து முந்நூற்றுப் பத்துக் கோடியே எழுபத்திரண்டு இலட்சம்

நந்தீசுவரப் பெருவிழா ஆண்டுக்கு மும்முறை வருகின்றது. ஆஷாடம், கார்த்திகம், பால்குணம் ஆகிய திங்கள்களில் வளர்பிறை அட்டமி தொடங்கி முழுநிலவு வரை எட்டு நாள்கள் இவ்வழிபாடு நிகழும். அந்நாள்களில் நாம் நினைந்து வணங்கும் நந்தீசுவரத்தீவு, சம்புத்தீவை முதலாக வைத்து எண்ணினால் எட்டாம் தீவாகும். திசைக்குப் பதின்மூன்றாக அங்கு 52 ஆலயங்கள் உள்ளன என்பதை நம் இல்லத்துச் சிறாரும் அறிவர். அத்தீவின் அகலம் 163 கோடியே 84 இலட்சம் யோசனை என்று நூல்கள் கூறுவதையும் பெரியோர் பலர் அறிவர். அதற்கும் அப்பால், மூன்று வளையங்கள் கடந்து வரும் ஒரு கடலின் அகலத்தைக் குறிக்கும் எண் ஒன்று உண்டு. அவ்வெண் 13107200000. நம் வழக்கில் சொன்னால் 1310 கோடியே 72 இலட்சம்.

பேரெண்கள் நம் ஆகமங்களில் ஏராளம். அவற்றுள் இதனை மட்டும் தனியே எடுத்துப் பேசுவதற்குக் காரணம் உண்டு. உலகக் கணித வரலாறு எழுதுவோர், பூச்சியத்தின் தொன்மையைப் பேசும்போது இவ்வெண்ணைத் தவறாது குறிப்பிடுகின்றனர். அதைத் தாங்கி நிற்கும் நூல் தோன்றிய இடமாகச் சொல்லப்படுவது தமிழ்நாடு. அதன் காலத்தைக் குறிக்க நூலுள் கூறப்படும் அரசன் காஞ்சிப் பல்லவன். இன்று ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பகுதிகளில் தொழிற்சாலைகள் எழுந்து நிற்கும் நிலம், அக்காஞ்சியைத் தலைநகராகக் கொண்ட தொண்டை மண்டலத்தைச் சேர்ந்தது. ஆகவே இவ்வெண்ணின் வரலாற்றை நம் குடும்பத்தார் செவ்வையாக அறிந்திருத்தல் வேண்டும்.

நூலும் காலமும்

அந்நூலின் பெயர் லோகவிபாகம். உலகின் பகுப்பு என்பது பொருள். சம்புத்தீவு முதல் வீட்டுலகு வரை பதினொரு பகுதிகளாக அது உலக அமைப்பை விரித்துரைக்கின்றது. இதனை முதலில் இயற்றியவர் சர்வநந்தி என்னும் முனிவர். அவருடைய மூலநூல் பிராகிருதத்தில் அமைந்ததென அறிஞர் கொள்வர். அம்மூலம் இன்று இல்லை. பிற்காலத்தில் சிம்மசூரி என்பார் அதனை வடமொழியில் மாற்றி அமைத்தார். அவ்வடமொழி நூலே நமக்குக் கிடைத்துள்ளது. சோலாப்பூரில் 1962ஆம் ஆண்டு அச்சேறிய பதிப்பின் வாயிலாக அது ஆய்வாளர் பலரிடம் சென்று சேர்ந்தது.

நூலின் இறுதியில், மூலநூல் நிறைவுற்ற காலமும் இடமும் தெளிவாகச் சொல்லப்படுகின்றன. காஞ்சி அரசன் சிம்மவர்மனின் 22ஆம் ஆட்சியாண்டு, சக ஆண்டு 380, சனி உத்திராடத்திலும் வியாழன் இடபத்திலும் திங்கள் உத்திரத்திலும் நின்ற வளர்பிறை நாள், பாண நாட்டுப் பாடலிகை என்னும் ஊர் என்று அக்குறிப்பு அமைகின்றது. சக ஆண்டு 380 என்பது கி.பி. 458. கோள்நிலைகளைக் கணக்கிட்ட அறிஞர், அவ்வாண்டு ஆகஸ்டு 25ஆம் நாளை இதற்குப் பொருத்துவர்.

பல்லவர் வரலாற்றுக்கு இக்குறிப்பு பெருந்துணை ஆயிற்று. தொடக்ககாலப் பல்லவரின் செப்பேடுகள் ஆட்சியாண்டுகளையே கூறும். சக ஆண்டு கூறுவதில்லை. ஆட்சியாண்டையும் சக ஆண்டையும் ஒருங்கே தரும் இச்சமண நூலைக் கொண்டே, சிம்மவர்மன் கி.பி. 436ஐ ஒட்டி அரியணை ஏறினான் என்று வரலாற்றாசிரியர் கணித்தனர். அவனுக்கு முன்னும் பின்னும் ஆண்ட மன்னர்களின் காலத்தை நிறுவ அந்த ஓர் ஆண்டு ஊன்றுகோலாக நின்றது.

பாடலிகை என்பது கடலூரை அடுத்த திருப்பாதிரிப்புலியூர் என்பர். பாடலிபுத்திரம் என்றும் அது வழங்கிற்று. பாதிரி மரத்தின் வடமொழிப் பெயரே பாடலி. அங்கிருந்த சமணப் பள்ளியில்தான் திருநாவுக்கரசர் தருமசேனர் என்னும் பெயருடன் தங்கியிருந்தார் எனப் பெரியபுராணம் உரைக்கும். பின்னாளில் அப்பள்ளி இடிக்கப்பட்டு, அதன் கற்களைக் கொண்டு திருவதிகையில் குணபர ஈச்சரம் எடுக்கப்பட்டது என்பதும் அப்புராணத்தின் கூற்றே. பள்ளி மறைந்தது. மூலநூலும் மறைந்தது. அங்கே எழுதப்பட்ட கணக்கு, மொழி மாறி நம்மிடம் வந்திருக்கின்றது.

எண்ணை வாசிக்கும் முறை

தீவுகளையும் கடல்களையும் பேசும் நான்காம் பகுதியில் இவ்வெண் வருகின்றது. கோடி, இலட்சம் என்னும் சொற்களை ஆசிரியர் அங்கே ஆளவில்லை. ஒவ்வோர் இடத்திலும் நிற்கும் இலக்கத்தை மட்டும், வலப்புறத்துக் கடைசி இடத்திலிருந்து இடப்புறமாக, ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லிச் செல்கின்றார்.

முதலில் சூனியங்கள் ஐந்து. அடுத்து இரண்டு. அடுத்து ஏழு. அடுத்து அம்பரம், அதாவது வானம். அடுத்து ஒன்று. அடுத்து மூன்று. நிறைவாக ரூபம். ரூபம் என்பது ஒன்றைக் குறிக்கும் குழூஉக்குறி. வானம் வெற்றிடமாகையால் அது பூச்சியத்தைக் குறிக்கும். இவற்றை வலமிருந்து இடமாக எழுதினால் 13107200000 என்னும் பதினோரிலக்க எண் கிடைக்கின்றது.

செய்யுளில் எண்களைக் கூறுவோர் இம்முறையைக் கைக்கொண்டதற்கு நல்ல காரணம் உண்டு. ஏட்டில் எண்குறிகளை எழுதினால், படியெடுப்போர் கைப்பிழையால் ஒரு குறி மற்றொன்றாக மாறிவிடும். சொல்லாக அமைத்துவிட்டால் யாப்பு அதைக் காக்கும். ஒரு சொல் விடுபட்டால் சீர் குறையும். படிப்பவர் உடனே கண்டுகொள்வர்.

நூறாம் இடத்தில் நின்ற வானம்

இவ்வெண்ணில் ஆறு பூச்சியங்கள் உள்ளன. இறுதியிலுள்ள ஐந்தும் ஒரு வகை. நடுவிலுள்ள ஒன்று மற்றொரு வகை. வரலாற்று நோக்கில் அந்த நடுப்பூச்சியமே விலைமதிப்பற்றது.

இறுதியில் வரும் ஐந்து சூனியங்களைத் தவிர்த்தும் அவ்வெண்ணைச் சொல்லிவிட முடியும். இலட்சம் என்னும் ஒரு சொல் போதும். 131072 இலட்சம் என்றால் முடிந்தது. ஆனால் 131072 என்பதற்குள், நூறாம் இடத்தில் ஒன்றும் இல்லை. அந்த இன்மையையும் ஒரு சொல்லால் சுட்டினாலொழிய, இலக்கங்களை மட்டும் அடுக்கிச் சொல்லும் முறை தவறிப்போகும். இரண்டு, ஏழு, ஒன்று, மூன்று, ஒன்று என்று சொல்லிவிட்டால் 13172 ஆகிவிடும். கடல் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும்.

நம் பழந்தமிழ் எண்முறையோடு ஒப்பிட்டால் இது இன்னும் விளங்கும். 131072 என்பதை அம்முறையில் ௱௩௰௧௲௭௰௨ என்று எழுதுவர். நூறு, மூன்று பத்து, ஒன்று, இவற்றால் பெருக்கிய ஆயிரம், பின்னர் ஏழு பத்து, இரண்டு என்று அதனை வாசிக்க வேண்டும். பத்து, நூறு, ஆயிரம் ஆகியவற்றுக்குத் தனிக்குறிகள் இருப்பதால், ஆயிரத்துக்குப்பின் நூறு இல்லையெனில் அக்குறியை எழுதாமல் விட்டுவிடலாம். இன்மைக்குக் குறியே வேண்டுவதில்லை. தமிழர் இன்மையை அறியாதவர் அல்லர். பரிபாடலில் பாழ் என்னும் சொல் எண்ணுப்பெயர்களோடு சேர்த்து எண்ணப்படுகின்றது. எனினும் எழுதும் முறைக்கு அது தேவைப்படவில்லை.

லோகவிபாகம் காட்டும் முறையோ வேறு. அங்கே இடமே மதிப்பைத் தருகின்றது. ஆதலால் வெற்றிடமும் ஓர் இடமாக எண்ணப்படல் வேண்டும். நூறாம் இடத்தில் வானம் நிற்பதால்தான், அதற்கு இடப்புறத்திலுள்ள ஒன்றும் மூன்றும் ஒன்றும் தத்தம் இடங்களில் நிலைபெறுகின்றன. ஒன்று முதல் ஒன்பது வரையுள்ள இலக்கங்களும் பூச்சியமும் ஆகிய பத்தைக் கொண்டு எவ்வளவு பெரிய எண்ணையும் எழுதலாம் என்னும் முறையை, இந்நூலாசிரியர் விளக்கம் எதுவும் தராமல் இயல்பாகக் கையாளுகின்றார். படிப்போருக்கு அது முன்பே பழகியிருந்தது என்பதற்கு இவ்வியல்பே சான்று.

இரட்டித்தல்

இவ்வெண் எங்கிருந்து வந்தது? நடுவிலுள்ள சம்புத்தீவின் விட்டம் ஓர் இலட்சம் யோசனை. அதனைச் சூழும் ஒவ்வொரு வளையமும் தனக்கு முந்தியதைப்போல் இருமடங்கு அகலம் உடையது. இவ்வொரு விதியே போதும்.

சம்புத்தீவு 1 இலட்சம். இலவண சமுத்திரம் 2. தாதகீகண்டத் தீவு 4. காளோத சமுத்திரம் 8. புட்கரவரத் தீவு 16 இலட்சம். தீவும் கடலும் மாறி மாறி இவ்வாறே பெருகும். அதன்பின் தத்தம் கடல்களோடு வாருணீவரம், க்ஷீரவரம், கிருதவரம், க்ஷௌத்ரவரம் ஆகியன கடந்தால் பதினைந்தாவதாக நந்தீசுவரத்தீவு வரும். அதன் அகலம் 16384 இலட்சம்; அதாவது முன்னர்க் கூறிய 163 கோடியே 84 இலட்சம். பதினாறாவது நந்தீசுவர சமுத்திரம், 32768 இலட்சம். பதினேழாவது அருணவரத்தீவு, 65536 இலட்சம். பதினெட்டாவது அருணவர சமுத்திரம், 131072 இலட்சம். இதுவே நம் எண்.

சதுரங்கப் பலகையின் முதற் கட்டத்தில் ஒரு நெல்லும் அடுத்தடுத்த கட்டங்களில் இருமடங்காகவும் வைத்துச் சென்ற கதையை அறியாதார் இலர். அப்பலகையின் பதினெட்டாம் கட்டத்தில் விழும் நெல்மணிகளும் 131072 தான்.

இவ்வெண்ணின் இயல்புகளை இனிக் காண்போம். 2ஐப் பதினேழு முறை தன்னோடு பெருக்கினால் 131072. அதனை இலட்சத்தால் பெருக்க, இலட்சத்துக்குள் இருக்கும் 2களும் சேர்ந்து மொத்தம் இருபத்திரண்டு 2களும் ஐந்து 5களும் ஆகின்றன. வேறு பகா எண் எதுவும் இதனுள் இல்லை. ஆகையால் இவ்வெண்ணை மீதியின்றி வகுக்கும் எண்கள் சரியாக 138. அவற்றுள் ஒற்றைப்படை எண்கள் 1, 5, 25, 125, 625, 3125 ஆகிய ஆறு மட்டுமே. இவ்வெண்ணை 22 முறை பாதியாக்கலாம். இறுதியில் 3125 எஞ்சும். அதன்மேல் பாதியாக்க இயலாது.

இன்னொன்று. எந்த வளையத்தின் அகலமும், அதற்கு முன்னுள்ள அனைத்தின் கூட்டுத்தொகையைவிடச் சரியாக ஓர் இலட்சம் மிகுதி. சம்புத்தீவு முதல் அருணவரத்தீவு வரை பதினேழின் அகலங்களையும் கூட்டினால் 131071 இலட்சம்; அருணவர சமுத்திரம் மட்டும் 131072 இலட்சம். அந்த 131071 ஒரு பகா எண். அதனை இத்தாலி நாட்டுக் கணித அறிஞர் கட்டால்டி 1588ஆம் ஆண்டு உறுதிசெய்தார். இன்று நாமும் இதனை இல்லத்தில் சரிபார்க்கலாம். இவ்வகை எண்ணுக்குப் பகாக் காரணி இருப்பின், அது 34ஆல் வகுக்கும்போது 1 மீதி தரவேண்டும் என்பது விதி. 131071இன் வர்க்கமூலமோ 363க்கும் குறைவு. அவ்வெல்லைக்குள் அத்தகைய பகா எண்கள் 103, 137, 239, 307 ஆகிய நான்கே. நான்காலும் வகுத்தால் முறையே 55, 99, 99, 289 மீதி வரும். எனவே அது பகா எண்ணே. இவ்விரண்டையும், அதாவது அருணவரத்தீவின் 65536ஐயும் கூட்டுத்தொகையான 131071ஐயும் பெருக்கினால் 8589869056. தன் வகுத்திகளின் கூட்டுத்தொகைக்குத் தானே சமமாகும் செவ்விய எண்களின் வரிசையில் இது ஆறாவது.

வளையங்களின் விட்டத்தைக் காணவும் நம் நூல்கள் எளிய விதி தந்துள்ளன. திலோயபண்ணத்தி கூறும் விதி இது: வளையத்தின் அகலத்தை இரண்டு, மூன்று, நான்கு ஆகியவற்றால் பெருக்கி, ஒவ்வொன்றிலும் மூன்று இலட்சம் கழித்தால், முறையே உள், நடு, வெளி விட்டங்கள் கிடைக்கும். இலவண சமுத்திரத்துக்கு அகலம் 2 இலட்சம். விட்டங்கள் 1, 3, 5 இலட்சம். அருணவர சமுத்திரத்துக்கு வெளிவிட்டம் 524285 இலட்சம். கூட்டல் செய்யாமல், ஒரு பெருக்கலும் ஒரு கழித்தலும் கொண்டு பதினெட்டு வளையங்களின் முழு விட்டத்தையும் கண்டுவிடலாம். பெருக்குத்தொடரின் கூட்டுத்தொகையைச் சுருக்கிய வாய்பாடே இது.

பாதியாக்குதலும் உடன்பிறந்த எண்ணும்

இரட்டித்தலின் மறுபக்கம் பாதியாக்குதல். ஓர் எண்ணை எத்தனை முறை பாதியாக்கினால் ஒன்று எஞ்சும் என்னும் எண்ணிக்கைக்கு அர்த்தச்சேதம் என்று பெயர். 131072இன் அர்த்தச்சேதம் 17. ஷட்கண்டாகமத்துக்கு வீரசேனர் இயற்றி கி.பி. 816இல் நிறைவுற்ற தவளம் என்னும் பேருரை இக்கருத்தை விரிவாக ஆள்கின்றது. இரண்டு எண்களைப் பெருக்கினால் அவற்றின் அர்த்தச்சேதங்கள் கூடும் என்பதை அவ்வுரை அறியும். மூன்றாகவும் நான்காகவும் பகுத்துச் செல்லும் எண்ணிக்கைகளுக்கும் அதில் தனிப்பெயர்கள் உண்டு. ஐரோப்பாவில் நேப்பியர் 1614இல் வெளியிட்ட மடக்கையின் அடிக்கருத்து, இரண்டை அடியாகக் கொண்ட அளவில், இதுவே.

பத்தாம் நூற்றாண்டில் நேமிச்சந்திர சித்தாந்த சக்கரவர்த்தி இவ்வழியைத் தொடர்ந்தார். 2இன் வர்க்கம் 4, அதன் வர்க்கம் 16, பின் 256, பின் 65536. இந்நான்காம் வர்க்கம் பண்ணட்டி எனப்படும். ஐந்தாம் வர்க்கம் 4294967296, அது பாதாலம். ஆறாம் வர்க்கம் 18446744073709551616, அது ஏகட்டி. பெயர்கள் அவ்வவ்வெண்ணின் தொடக்க இலக்கங்களால் அமைந்தவை: அறுபத்தைந்து, நாற்பத்திரண்டு, ஒன்று எட்டு. அருணவரத்தீவின் அகலம் ஒரு பண்ணட்டி இலட்சம் என்பதை வாசகர் கண்டிருப்பர்.

பாதாலத்தையும் ஏகட்டியையும் பெருக்கினால் வருவது, பரியாப்த மனிதர்களின் தொகை என்று கோம்மடசாரம் கூறும் எண்: 79228162514264337593543950336. இருபத்தொன்பது இலக்கங்கள். அர்த்தச்சேதம் 32ம் 64ம் கூடி 96. அநுயோகத்துவாரம் என்னும் சுவேதாம்பர ஆகமமும், மனிதர் தொகையை இருபத்தொன்பது இடங்கள் கொண்டதென்றும் 96 முறை பாதியாகக் கூடியதென்றும் குறிக்கின்றது. இரு மரபுகளும் ஓரெண்ணில் ஒன்றுபடுகின்றன.

இருபத்தொன்பது இலக்கங்களை நினைவில் நிறுத்த, நேமிச்சந்திரர் கடபயாதி முறையை மேற்கொண்டார். ஒவ்வொரு மெய்யெழுத்துக்கும் ஓர் இலக்கம். த என்பது 6, ல என்பது 3, ந என்பது 0, ம என்பது 5. அவர் காதையின் முதல் ஐந்து எழுத்துகள் 6, 3, 3, 0, 5 என்று நிற்கும். அவற்றை வலமிருந்து எழுதினால் எண்ணின் இறுதிப்பகுதியான 50336 வரும். இம்முறை தனித்தமிழ் எழுத்தில் இயலாது. க வருக்கத்தின் நான்கு எழுத்துகளுக்கு 1, 2, 3, 4 என வெவ்வேறு மதிப்பு உண்டு. தமிழிலோ நான்குக்கும் ஒரே ககரம். நம் முன்னோர் கிரந்த எழுத்தைப் பேணிக் கற்றதன் பயன்களுள் இத்தகைய நூல்களை வாசிக்க முடிந்ததும் ஒன்று.

தொழிற்சாலைகளின் நெடுஞ்சாலையில்

இவையெல்லாம் ஏட்டோடு நின்ற கணக்குகள் என்று இளைஞர் கருதலாம். வந்தவாசி, ஆரணி, செய்யாறு, திண்டிவனம் ஆகிய பகுதிகளின் நம் சிற்றூர்களிலிருந்து வேலை தேடிப் புறப்படும் இளைஞர்க்கு ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் ஆகியன அண்மையிலுள்ள பெருந்தொழில் நிலங்கள். இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியது. ஒரகடத்தில் 2010இல் ரெனோ நிசான் ஆலை திறக்கப்பெற்றது. இவ்வாலைகள் எண்களாலேயே நடைபெறுபவை.

ஒவ்வொரு வாகனத்துக்கும் 17 இடங்கள் கொண்ட அடையாளக் குறி உண்டு. இலக்கமும் ஆங்கில எழுத்தும் கலந்த அக்குறியில் ஒவ்வோர் இடத்துக்கும் தனிப்பொருள் உண்டு. ஓரிடம் தவறினால் வாகனமே மாறிவிடும். அக்குறியில் ஓ என்னும் ஆங்கில எழுத்துக்கு இடமில்லை. பூச்சியத்தோடு அது மயங்கும் என்பதே காரணம். ஐ, கியூ ஆகிய எழுத்துகளும் அவ்வாறே விலக்கப்பட்டன. பூச்சியம் தன் இடத்தில் ஐயமின்றி நிற்கவேண்டும் என்பதற்காக ஓர் எழுத்தையே விலக்கிவைத்த இவ்வேற்பாடும், நூறாம் இடத்தில் வானத்தை நிறுத்திய முனிவரின் கவனமும் ஒரே தேவையிலிருந்து பிறந்தவை.

மற்றொன்று இதைவிட வியப்பானது. பொருள்களைத் தொடாமலே அடையாளம் காண, உலகெங்கும் ஆலைகளிலும் கிடங்குகளிலும் ஆர்.எஃப்.ஐ.டி. என்னும் வானொலி வில்லைகள் பயன்படுகின்றன. அவற்றில் பரவலாக வழங்கும் மின்னணுப் பொருட்குறி 96 பிட்டுகள் கொண்டது. ஒவ்வொரு பிட்டும் ஒன்று அல்லது பூச்சியம். அப்படியாயின், 96 பிட்டுகளால் அமைக்கக்கூடிய வெவ்வேறு குறிகள் எத்தனை? 2ஐத் தொண்ணூற்றாறு முறை பெருக்க வருவது அதன் விடை. கோம்மடசாரம் மனிதர்க்குக் கூறிய அதே இருபத்தொன்பது இலக்க எண்ணே அது. இதனால் ஆகமத்தில் வானொலி வில்லை சொல்லப்பட்டது என்று கூறுதல் பிழை. இரட்டித்தலைக் கொண்டு எண்ணுவோர், எக்காலத்தவராயினும், ஒரே படிகளில் ஏறுவர் என்பதே இதன் பொருள். அப்படிகளுக்குப் பெயரிட்டுப் பழகியவர் நம் ஆசிரியர் என்பது பெருமைக்கு உரியதே.

எவ்வளவு உரிமை கொள்ளலாம்

பெருமைக்கும் ஓர் அளவு உண்டு. பூச்சியத்தைக் கண்டறிந்தவர் சமணரே என்றும், அது கடலூரில் நிகழ்ந்தது என்றும் மேடைகளில் சிலர் முழங்குவது உண்டு. சான்று அவ்வளவு தூரம் செல்லவில்லை.

நமக்குக் கிடைத்திருப்பது சிம்மசூரியின் வடமொழி நூல். மொழியை மாற்றியதாகவே அவர் கூறிக்கொள்கின்றார். ஆயினும் அந்நூலில் திலோயபண்ணத்தி, ஒன்பதாம் நூற்றாண்டு ஆதிபுராணம், நேமிச்சந்திரரின் திரிலோகசாரம் ஆகியவற்றின் பகுதிகள் எடுத்தாளப்பட்டுள்ளன. எனவே அது திரிலோகசாரத்துக்குப் பிற்பட்டது. நாம் பேசிய எண், சர்வநந்தியின் கையில் இதே சொற்களில் இருந்ததா, சிம்மசூரியின் கையில் இவ்வடிவம் பெற்றதா என்பதில் அறிஞர் இருவேறு கருத்தினர். ஒரு சாரார் 458ஆம் ஆண்டையே இவ்வெண்ணுக்கும் உரியதாகக் கொண்டு, இடமதிப்பும் பூச்சியமும் உள்ள காலங்குறித்த முதல் நூல் இதுவே என்பர். மற்றொரு சாரார், மூலம் கிடைக்காத நிலையில் அவ்வாறு துணிய மறுப்பர்.

பிற சான்றுகளையும் உடன்வைத்துப் பார்த்தல் நலம். ஆரியபடர் தம் நூலை 499ஆம் ஆண்டை ஒட்டி இயற்றினார். ஓரிடத்தைவிட அடுத்த இடம் பத்துமடங்கு என்னும் கருத்து அதில் உண்டு. கம்போடியாவின் சம்போர் கல்வெட்டில் சக ஆண்டு 605, அதாவது கி.பி. 683, நடுவே பூச்சியப்புள்ளி இட்டு எழுதப்பட்டுள்ளது. குவாலியர்க் கோயிற் கல்வெட்டு, 876ஆம் ஆண்டில், 270 முழத் தோட்டத்தையும் நாள்தோறும் வழங்கும் 50 மலர்மாலைகளையும் பூச்சியம் இட்டே குறிக்கின்றது. ஐரோப்பாவில் பிபனாச்சியின் நூல் 1202இல் இம்முறையை எடுத்துரைத்தது. சர்வநந்தியின் ஆண்டு உறுதியாயின் இவை அனைத்துக்கும் அது முற்பட்டது. உறுதியாகாவிடினும், அருணவர சமுத்திரத்தின் அகலமும் அதனைத் தந்த இரட்டித்தல் விதியும் நம் மரபின் தொன்மையான உடைமைகள் என்பதில் ஐயமில்லை.

தத்துவார்த்த சூத்திரம், களவாமை விரதத்துக்கு நேரும் குற்றங்களுள் ஒன்றாகக் கூட்டியும் குறைத்தும் அளத்தலைக் கூறுகின்றது. கடையில் படிக்கும் தராசுக்கும் உரிய அவ்விதி வரலாற்றுக்கும் உரியதே. சான்றுக்கு மேல் ஒரு படி கூட்டிச் சொன்னால், முதல் ஆய்வாளரே அதனை மறுப்பார். மறுத்தவுடன் உண்மையான பகுதியையும் உலகம் சேர்த்தே தள்ளிவிடும். சான்றினும் குறைத்துச் சொன்னால், பள்ளியையும் மூலநூலையும் இழந்த நாம் கணக்கையும் இழந்தவராவோம்.

ஆகவே நாம் சொல்லத்தக்கது இது. கி.பி. 458இல், காஞ்சிப் பல்லவன் ஆட்சியில், இன்றைய கடலூர்ப் பகுதியில், ஒரு சமண முனிவர் உலக அளவைகளைத் தொகுத்து நூல் செய்தார். அந்நூலின் கிடைத்துள்ள வடிவில், பதினோரிலக்க எண் ஒன்று, நடுப்பூச்சியத்துக்கு வானம் என்று பெயரிட்டு, இடமதிப்பு முறையில் சொல்லப்பட்டுள்ளது. இவ்வளவும் எவராலும் மறுக்க ஒண்ணாதது. இவ்வளவே போதும்.

வரும் நந்தீசுவர எட்டு நாள்களில், ஆலயத்தில் கூடும் சிறாரைச் சம்புத்தீவில் தொடங்கி இரட்டித்துக்கொண்டே செல்லுமாறு பெரியோர் பணிக்கலாம். பதினைந்தாம் படியில் நந்தீசுவரம் வரும். அங்கு நிற்காமல் மேலும் மும்முறை இரட்டிக்கச் சொல்லுக. வரும் விடையைத் தாளில் எழுதச் செய்து, நூறாம் இடத்தில் நிற்கும் பூச்சியத்தைச் சுட்டி, அதன் பழைய பெயர் வானம் என்று கூறுக.